இரண்டு பொத்தான் மெஷின்

சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பின்னால் போகிற சந்தில், ஒரு டீக்கடைக்கும் ஒரு நோட்டரி வக்கீலின் மேஜைக்கும் நடுவில் இருக்கிறது ஜெயபாரதியின் கடை. மொழி பிரிண்ட்ஸ் என்று பெயர். மகள் தமிழ்மொழியின் பெயரில் பாதிதான் போர்டில் இருக்கிறது, மீதிக்கு இடம் போதவில்லை. ஷட்டரைத் தூக்கினால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு முக்காலி. உள்ளே இரண்டு பேர் வந்துவிட்டால் மூன்றாவது ஆள் தெருவில் நின்றுதான் பேச வேண்டும்.

ஜெயபாரதி ஆற்றோரத்துக் குடிசையில் பிறந்தவள். வெள்ளத்துக்குப் பிறகு அம்மா முனியம்மாளுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். அம்மா போனாள். ஜெயபாரதி போகவில்லை. இங்கேயே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். பத்தாவது முடித்த கையோடு டைப்ரைட்டிங், பிறகு மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, அங்கே கம்ப்யூட்டரில் பத்திரிகை வடிவமைக்கக் கற்றுக்கொண்டது, கடைசியில் இந்தச் சொந்தக் கடை. ஒரு எழுத்து தப்பாக வந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வாடிக்கையாளர்கள் அவளைக் கொஞ்சம் சிடுமூஞ்சி என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அச்சுக் கடை என்றால் அச்சடிப்பதுதான் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பிரிண்டரிலிருந்து வருவது ஒரு பெரிய தாள், அவ்வளவுதான். அதில் ஆறு கல்யாணப் பத்திரிகை இருக்கும், இல்லாவிட்டால் இருபது விசிட்டிங் கார்டு இருக்கும். ஆனால் வெட்டுகிற வரைக்கும் அது பத்திரிகையும் இல்லை, கார்டும் இல்லை. வெட்டு கோணினால் அடித்ததெல்லாம் குப்பைக்குத்தான். அந்த வெட்டுகிற மெஷின்தான் ஜெயபாரதியிடம் இல்லாமல் இருந்தது. அடித்த கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தி.நகருக்குப் போவாள். அங்கே ஒரு கட்டிங் கடையில் முறை வரும் வரை காத்திருப்பாள், வெட்டியதைத் தூக்கிக்கொண்டு திரும்புவாள். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. கோமளா மாமி மட்டும் வந்திருக்காவிட்டால் இன்னும் ஓடியிருக்கும்.

கோமளா மாமி மயிலாப்பூர்க்காரர். பழைய ஜெராக்ஸ் கடையில் ஜெயபாரதி வேலை பார்த்த காலத்துப் பழக்கம். அவள் சைதாப்பேட்டைக்கு வந்த பிறகும் வீட்டு விசேஷம் எதுவானாலும் அவளிடமே வருவார். பெண்ணின் கல்யாணப் பத்திரிகையையும் அவளிடம்தான் கொடுத்திருந்தார். பத்திரிகை போன மறுநாள் காலை மாமி கடைக்கு வந்தார். முழுக் கட்டையும் மேஜைமேல் வைத்தார். கட்டின் மேல் தனியாக ஒரு அட்டையை வைத்தார். சுற்றிலும் கறுப்பு பார்டர். யாரோ ஒருவருடைய பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை.

"நான் சண்டை போட வரலை பாரதி. முதல் பத்திரிகையைப் பிள்ளையாருக்கு வெக்கணும்னு கட்டைப் பிரிச்சேன். கையில வந்தது இது. ஆத்துல யாருக்கும் சொல்லலை, மறைச்சு எடுத்துண்டு வந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். பத்திரிகையை வேறு இடத்தில் அடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கட்டை அங்கேயே விட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் ஜெயபாரதியும் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பாள். கத்தாமல் போனது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

எப்படி நடந்தது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்தையும் காரியத்தையும் ஒரே பையில் கொண்டு போகக் கூடாது என்பது அச்சுத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சாஸ்திரத்துக்காக மட்டும் இல்லை. இரண்டும் ஒரே சந்தன நிற அட்டை, ஒரே அளவு. அன்றைக்கு அவசரத்தில் ஒரே பையில் போட்டவள் அவள்தான். அடுத்தடுத்து வெட்டி ஒரே மேஜையில் குவித்தது கட்டிங் கடைக்காரர்கள். யாரை நொந்துகொள்வது? அடுத்த வாரம் மாமியின் தங்கை வீட்டு வளைகாப்பு அட்டையும் வரவில்லை. மயிலாப்பூர்ப் பக்கத்து வேலை ஒவ்வொன்றாக நின்றது. சொந்தமாக ஒரு கட்டிங் மெஷின் வாங்குவதென்று அவள் முடிவு செய்தாள்.

பணத்துக்கு எப்படியோ வழி பண்ணினாள். அதைச் சொல்லப் போனால் இது வேறு கதையாகிவிடும். கேள்வி, மெஷினை யார் ஓட்டுவது என்பதுதான்.

ஓட்டுவதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. அவள் புருஷன் சக்திவேல், இருபது வருஷத்துக்கு மேல் கட்டிங் மெஷினைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதர். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு பிரஸ்ஸில் இருந்தார். கட்டிங் மெஷினில் இரண்டு பொத்தான் இருக்கும், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். இரண்டு கையாலும் இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் கத்தி இறங்கும். கத்தி இறங்குகிற நேரத்தில் கை இரண்டும் பொத்தானில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் நம் ஊர் பிரஸ்களில் பழக்கம் வேறு. ஒரு விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து இடப்பக்கத்துப் பொத்தானில் சொருகிவிடுவார்கள். பொத்தான் அமுங்கியபடியே நின்றுவிடும். வலது கையால் அமுக்கிக்கொண்டே இடது கையால் தாளைச் சரிசெய்யலாம். வேலை சீக்கிரம் முடியும். முதலாளிக்கும் சந்தோஷம், ஆளுக்கும் சந்தோஷம். சக்திவேலும் தினம் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு கார்டை மடித்துச் சொருகிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு பொங்கல் நெருக்கத்தில், காலண்டர் வேலை குவிந்து கிடந்தபோது, இடது கை மணிக்கட்டோடு போயிற்று.

அதற்குப் பிறகு அவர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். இடப்பக்கத்துச் சட்டைக் கைநுனியை உள்ளே மடித்து ஊக்குக் குத்தி மூட வேண்டும். ஒற்றைக் கையால் அதைக் குத்த முடியாது. தினம் காலையில் ஜெயபாரதி தன் தாலிச் சரட்டில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி அவர் கைநுனியில் குத்திவிடுவாள். ராத்திரி கழற்றித் திரும்பச் சரட்டில் மாட்டிக்கொள்வாள். அந்தக் கையை மகள்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. எங்கே போனாலும் இடப்பக்கம் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் நிற்பார். ஷேர் ஆட்டோவில் இடது ஓரம், கல்யாண வீட்டில் கடைசி வரிசையின் இடது மூலை. மார்க்கெட்டில் மீன் வாங்குவார், வீட்டில் சமைப்பார், மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டு வருவார். கடைக்குள் ஏறமாட்டார். டீக்கடைச் சுவர் ஓரமாக நின்று டப்பாவை நீட்டுவார், அவ்வளவுதான்.

ஜெயபாரதி அவருக்காகச் செய்யாதது இல்லை. சட்டைப் பொத்தான்களை அறுத்துவிட்டு ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தாள். வார் கட்டாத செருப்பாகப் பார்த்து வாங்கினாள். தட்டில் தோசையைப் பிய்த்து வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், சாப்பிடுவார். சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதானே வீட்டில் வழக்கம். அவளுடைய ஆசை ஒன்றே ஒன்று. இந்த மனிதர் சுவர் ஓரத்தை விட்டுக் கடைக்குள் வந்து தன் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். மெஷின் வாங்குகிற யோசனை மாமியின் அட்டையிலிருந்து பிறந்ததாக அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அந்த யோசனைக்கு அதைவிட வயது அதிகம்.

ராயப்பேட்டையில் பழைய அச்சு மெஷின்கள் வாங்கி விற்கும் ஆசிஃப் பாய்க்கு போன் செய்தாள். ஆசிஃப், சக்திவேலுக்கும் பழக்கமானவர்தான். ஒற்றைக் கையால் ஓட்டுகிற மெஷின் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, கரண்டே வேண்டாம், நீளமாக ஒரு கைப்பிடி, இழுத்தால் கத்தி இறங்கும் என்றார் ஆசிஃப். தான் இப்படிக் கேட்டதைச் சக்திவேலிடம் சொல்லவேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி வைத்தாள். பிறகு புருஷனிடம், மெஷின் பார்த்து வாங்க எனக்கு எங்கே தெரியும், கூட வந்தால் போதும் என்று பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அவர் ஊக்குக் குத்துவதற்காகக் கையை நீட்டினார்.

ஆசிஃபின் குடோனுக்குள் நுழைந்ததும் மசியும் கிரீஸும் கலந்த வாசனை வந்தது. சக்திவேல் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். ஜெயபாரதிக்குப் பயமாகிவிட்டது, திரும்பிப் போய்விடுவாரோ என்று. அவர் திரும்பவில்லை. வரிசையாக நின்ற மெஷின்களை நோக்கி நேராகப் போனார். இடப்பக்கம் சுவர் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. அதை அவள் கவனித்தாள். கல்யாணம் ஆன புதிதில் பிரஸ் வாசலில் அவரைப் பார்க்கப் போனபோது எப்படி நடப்பாரோ, அப்படி நடந்தார்.

ஆசிஃப் முதலில் கைப்பிடி மெஷினைத்தான் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. மேலே ஒரு சக்கரம், அதைத் திருகினால் தாளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நீளமான இரும்புக் கைப்பிடி. சக்திவேல் ஒரு கட்டுத் தாளைக் கேட்டு வாங்கினார். ஒற்றைக் கையால் தட்டி அடுக்கி, சக்கரத்தைத் திருகி, கைப்பிடியை இழுத்தார். கத்தி இறங்கியது. ஜெயபாரதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முடிகிறது, அவரால் முடிகிறது. வாங்கிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் வெட்டிய கட்டிலிருந்து மேல் தாளையும் அடித் தாளையும் உருவினார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடித்தாள் பிதுங்குது பாய். இறுக்குற கட்டை தேஞ்சி போச்சி. பெயின்ட் அடிச்சி மறைச்சிகீறே."

ஜெயபாரதி தாள்களை வாங்கிப் பார்த்தாள். நகத்தின் விளிம்பளவு, ஆனால் பிதுங்கத்தான் செய்தது. ஆசிஃபுக்கு முகம் சுருங்கிவிட்டது. வியாபாரம் கைநழுவுகிற நேரத்தில் மனிதனுக்கு வாய்க்குக் காவல் இருக்காது. அவர் ஜெயபாரதியைப் பார்த்து, கொடுத்த வாக்கை மறந்து சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, நீ போன்ல கேட்ட மாதிரி ஒத்தக் கையால ஓட்டுற மெஷின் என்னாண்ட இது ஒண்ணுதான் கீது."

சக்திவேல் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் கையிலிருந்த தாள்களை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கமாக நகர்ந்தார். இடப்பக்கத்துத் தோள் சுவரைத் தொட்டது. ஜெயபாரதிக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சட்டையைத் தைத்தபோதும் செருப்பை வாங்கியபோதும் தோன்றாத ஒன்று அப்போதுதான் உறைத்தது. இந்த நாலு வருஷத்தில் எதையாவது அவரிடம் கேட்டுவிட்டுச் செய்தோமா?

ஆசிஃப் கெட்டவர் இல்லை. சொன்ன பிறகுதான் சொன்னதன் கனம் அவருக்கே தெரிந்தது. அதை ஈடுகட்ட வேண்டும் என்ற பதற்றத்தில் இருவரையும் அடுத்த மெஷினுக்கு இழுத்துக்கொண்டு போனார். அது கரண்டில் ஓடுகிறது. அளவும் கச்சிதம், அவளுடைய கடைக்கு அடக்கம், வீட்டுக் கரண்டே போதும். முன்பக்கத்தில் இரண்டு பச்சைப் பொத்தான்கள், ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம்.

"இதுக்கு ரெண்டு கை வோணும்தான். நமக்குத் தெரியாத வேலையா அண்ணே" என்றபடி ஆசிஃப் சட்டைப்பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்தார். இரண்டாக மடித்தார். நகத்தால் அழுத்தி ஒரு நீவு நீவினார். இடப்பக்கத்துப் பொத்தானின் ஓரத்தில் சொருகினார். பொத்தான் அமுங்கி நின்றது.

ஆசிஃபின் கை பொத்தானிலிருந்து மெதுவாக விலகியது. தான் என்ன செய்தோம், யார் முன்னால் செய்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஜெயபாரதி புருஷனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தாள்.

சக்திவேல் சுவரை விட்டு வந்தார். குனிந்து அந்தக் கார்டை உருவினார். பிரித்து, மடிப்பை நீவிவிட்டு, ஆசிஃபின் கையிலேயே கொடுத்தார்.

"அண்ணே, அப்ப ரெண்டு கை வோணுமே" என்றார் ஆசிஃப்.

"ரெண்டு கீதே."

வலது கையால் இடது கைநுனியில் இருந்த ஊக்கைத் தடவித் திறந்தார். ஊக்கை உதட்டில் கவ்விக்கொண்டார். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மேலே தள்ளினார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முடிந்துபோன கை. வெயிலே படாததால் அவருடைய நிறமாக இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. ஜெயபாரதி தினமும் பார்க்கிற கைதான். ஆனாலும் பகல் வெளிச்சத்தில், மூன்றாம் மனிதர் முன்னால் பார்த்தபோது அவளுக்குக் கண்ணைக் கரித்தது.

அவர் மெஷின் முன்னால் நேராக நின்றார். வலது உள்ளங்கையை ஒரு பொத்தானில் வைத்தார். இடது கையின் முனையை இன்னொரு பொத்தானில் வைத்து அமுக்கினார். கத்தி இறங்கியது. இடது கையை எடுத்தார். கத்தி பாதியில் மேலே போனது. வலது கையை மட்டும் வைத்துப் பார்த்தார், அசையவில்லை. இடது கையை மட்டும் வைத்துப் பார்த்தார், அசையவில்லை. மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒரே பொத்தானில் ஓடும்படி யாராவது வயரைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தார். திரும்ப வந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார், வலது கையாலும் இடது முழங்கையாலும் நான்கு பக்கமும் தட்டி அடுக்கினார். வெட்டினார். மேல் தாளையும் அடித் தாளையும் எடுத்து இந்தத் தடவை வெளிச்சத்தில் பிடிக்காமல் ஜெயபாரதியிடம் நீட்டினார்.

அவள் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவாக இருந்தன.

"இதையே எடுத்துக்கறோம்னு சொல்லிடு" என்றார், வாயில் ஊக்கோடு.

ஆசிஃப் விலையில் வம்பு பண்ணவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். மடிப்பு விழுந்த கார்டு அவர் கையிலேயே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் டீ குடித்தார்கள். சக்திவேல் இடப்பக்கம் சுவர் இருக்கிற பெஞ்சாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். ஊக்கை அவளிடம் நீட்டினார். அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டு, நுனியை மடித்துக் குத்திவிட்டாள். குடோனில் திறந்த கை ஸ்டாப்புக்கு வருவதற்குள் மூடிக்கொண்டுவிட்டது. அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"பட்டை வெச்சி தெச்ச, சும்மா இருந்தேன். தோசையப் பிச்சி வெச்ச, சும்மா இருந்தேன். மெஷினையும் என் கைக்கு அளவெடுத்துத் தேடுவியா பாரதி?" என்றார் அவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டுருந்தா இன்னா?"

"பயமா இருந்துச்சி மாமா."

"இன்னா பயம்?"

"கேட்டு, நீ முடியாதுன்னு சொல்லிட்டியானா? அப்பால நான் எத்த நம்பிகினு கீறது?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். தனக்கும் அதே பயம்தான் என்றார். அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்துதான் தினமும் டப்பாவைக் கொடுத்த கையோடு திரும்பிவிடுவாராம். நாலு வருஷமாக ஒரே பயத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். பஸ் வந்தது. இடது ஓர ஜன்னல் சீட்டில் அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் அவள்.

மெஷின் வருவதற்கு முன்பு கடைக்குள் இடம் ஒழிக்க வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் மெஷினைப் பின்னால் தள்ளினால் வாசல் ஓரத்தில்தான் இடம் கிடைக்கும். அங்கே போட்டால் ஓட்டுகிறவருடைய இடப்பக்கம் தெருவைப் பார்த்து இருக்கும். டீக்கடை, நோட்டரி மேஜை, கோர்ட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அந்தக் கை தெரியும். ஜெயபாரதி டேப்பை வைத்து இப்படியும் அப்படியும் அளந்து பார்த்தாள். மெஷினைத் திருப்பிப் போட்டால் இடது பக்கம் சுவர் வரும், ஆனால் ஷட்டர் முழுதாக இறங்காது. ஷட்டரைத்தான் மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். பிறகு டேப்பைச் சுருட்டினாள்.

மத்தியானம் அவர் டப்பாவோடு வந்து டீக்கடைச் சுவர் ஓரம் நின்றபோது, அவள் அங்கிருந்தே கேட்டாள்.

"மெஷினை எப்படிப் போடறது மாமா? நீ சொல்லு."

அவர் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். சுவரை விட்டு வந்து படியேறிக் கடைக்குள் நின்றார். அவள் பார்க்க அவர் கடைக்குள் ஏறியது அதுதான் முதல் தடவை. ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து கோடு போட்டார். வாசல் ஓரத்தில், தெருவைப் பார்த்து. வெளிச்சம் தெருவிலிருந்துதானே வருகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. சுவரில் இரண்டு பலகை அடிக்க வேண்டும், கல்யாண வேலை ஒரு பலகை, காரிய வேலை இன்னொரு பலகை, ஒன்றுக்கு எதிரில் ஒன்றாக இருக்க வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் கூடாது என்றார். மாமியின் அட்டைக் கதையை அவள் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள். அதை அவர் மறக்கவில்லை.

இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை முழுசாக வரவில்லை. கோடு போடுவது வேறு, அந்தக் கோட்டுக்குள் தினமும் ஊர் பார்க்க நிற்பது வேறு. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மெஷின் வந்து இறங்கியது. ஆசிஃப் கூடவே வந்து பொருத்திக் கொடுத்தார். டீக்கடைக்காரர் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். கத்தியின் அடியில் அதை வைத்து யார் பொத்தானை அமுக்குவது என்று பார்த்தபோது, சக்திவேல் இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வேலை தொடங்கும்போது வெட்டிக்கொள்ளலாம் என்றுவிட்டார். பழம் ராத்திரி முழுதும் மெஷின் மேலேயே இருந்தது.

ஜெயபாரதி அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை. காலையில் வழக்கம்போல அவர் குளித்துவிட்டு வருவதற்குள் டிபன் டப்பாக்களைக் கட்டினாள், தமிழ்மொழிக்குத் தலை பின்னிவிட்டாள். அவர் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளிருந்து வந்தார். முழுக்கைச் சட்டை என்றதும் அவளுக்கு மனசு கொஞ்சம் கீழே போயிற்று. சரி, அவர் இஷ்டம். கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று தீர்மானம் பண்ணியிருந்தாளே. கழுத்திலிருந்து தாலிச் சரட்டை வெளியே எடுத்து, ஒரு ஊக்கைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போனாள்.

இடது கைநுனியைத் தேடினாள். அங்கே இல்லை. சட்டைக் கை முழங்கைக்கு மேலே நாலு மடிப்பாக, ஒழுங்காக மடித்து விடப்பட்டிருந்தது. வெளுத்த கை வெளியே இருந்தது. சீப்போடு நின்ற தமிழ்மொழி அப்பாவின் கையைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பித் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

"கட்டிங் மெஷின் முன்னாடி எவனாச்சும் சட்டைக் கையைத் தொங்க விட்டுகினு நிப்பானா?" என்றார் சக்திவேல். பிறகு அவள் பக்கமாக வலது கையை நீட்டினார். அந்தப் பக்கத்துச் சட்டைக் கை இன்னும் மணிக்கட்டு வரைக்கும் இறங்கியே இருந்தது.

"இடது கைய நானே மடிச்சிட்டேன். வலது கைய மடிக்க எனக்கு இன்னொரு கை ஏது? நீ மடிச்சி விடு."

அவள் ஊக்கை உதட்டில் கவ்விக்கொண்டு மடித்தாள். மடிப்பு கோணாமல், இடப்பக்கத்தில் அவர் மடித்திருந்த அதே அளவுக்கு, நாலு மடிப்பு. கண் மறைத்ததால் ஒரு மடிப்பைப் பிரித்துத் திரும்ப மடிக்க வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கையை நீட்டியபடி நின்றார். முடித்த பிறகு, உதட்டில் கவ்வியிருந்த ஊக்கை எடுத்துத் தாலிச் சரட்டில் திரும்ப மாட்டிக்கொண்டாள்.